மேடத்தின் விடை

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிகிற வாரத்தில், அவரோடு வேலை செய்தவர் ஒரு பக்கப் படிவம் நிரப்பித் தர வேண்டும். ஆளை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று அதில் எழுத வேண்டும். அந்த முறை படிவம் என் மேஜைக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். வேண்டாம் என்று எழுத நான் முக்கால்வாசி முடிவு செய்திருந்தேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் படிவத்துக்கு உரியவர் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். முப்பத்தெட்டு வயது. சென்னையில் பன்னிரண்டு வருடம் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருந்தார். மனைவியும் நாலு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள எங்கள் அலுவலகம் கடிதம் கொடுக்கும். ஆகாவிட்டால் பெர்மிட்டும் முடிந்தது, அவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் பேனாவை எடுத்தேன்.

நான் கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே கல்யாணம் செய்து, இன்னும் அங்கேயே இருப்பவள். அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில், சுங்கை வே பக்கம், ஒரு கடைவரிசையின் முதல் மாடியில். கீழே டயர் கடை. பதினோரு பேர் வேலை செய்கிறோம். எங்கள் பிழைப்பு வெள்ளம். இவ்வளவு மழை பெய்து, அந்த நேரம் கடலும் இவ்வளவு ஏறியிருந்தால், எந்தக் கம்பத்தில், அதாவது எந்தக் கிராமத்தில், எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வோம். அந்தக் கணக்கைப் போடும் கணினி நிரலை இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

எழுதிய லட்சணம் வேறு விஷயம். ஏ என்று ஒரு மாறி, ஏஏ என்று ஒன்று, ஏஏஏ என்று இன்னொன்று. மூன்றாவது எதைக் குறிக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கே ஒரு நிமிடம் வேண்டும். அந்தப் பழைய கணினி மொழியை இப்போது சொல்லித்தர ஆளில்லை, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பாஸ் பயந்தார். பாஸ் சீனர். தமிழ் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் என் கோபம் மட்டும் நன்றாகப் புரியும். புது மொழியில் முழுதும் திரும்ப எழுத ஓர் ஆளைப் பிடித்தார். அவர்தான் இவர்.

கணக்குப் போடும் நிரல் எழுதுகிறவர்களை எப்படிப் படிக்க வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால் நான் பேச்சை நிறுத்தமாட்டேன். கேட்காவிட்டாலும் நிறுத்தமாட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கணினியில் நாலு வரி எழுதினால் படம் வந்துவிடுகிறது. வந்த படம் சரியா, தண்ணீர் அப்படித்தான் போகுமா என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு எரிச்சலாக வரும். அதனால் வங்கியிலிருந்து வந்த இந்த மனிதரிடம் முதல் நாளே ஒரு கட்டுக் கட்டத்தாளும் ஒரு கால்குலேட்டரும் கொடுத்தேன்.

"மூணு வாரத்துக்குக் கம்ப்யூட்டர தொடக் கூடாது. கையால போடுங்க."

"மேடம்... விளையாடுறீங்களா?"

"நான் விளையாடுற ஆளா? ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க."

கேட்டிருப்பார் போலிருக்கிறது. மறுநாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து போட ஆரம்பித்தார். ஒரே ஒரு லோங்காங், அதாவது தெருவோரத்துச் சாக்கடை. மேலே மழை விழுகிறது, கீழ்ப்பக்கம் தண்ணீர் வெளியேறுகிறது. பத்து பத்து நிமிடமாக மட்டம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அவ்வளவுதான் பாடம். நாலாவது நாள், பத்து நிமிடம் வைத்துப் போட்டால் ரொம்ப நேரமாகிறது என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணி நேர இடைவெளி வைத்துப் போட்டிருக்கிறார். தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், லோங்காங்ல தண்ணி மைனஸ்ல போயிடுச்சு!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காய்ந்த சாக்கடையிலிருந்து இன்னும் அரை மீட்டர் தண்ணீரை எடுத்து வெளியே அனுப்பியிருந்தது அவர் கணக்கு. இடைவெளி பெரிதானால் கணக்கு பொய் சொல்லும் என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் மண்டையில் ஏறியிருக்காது. கையால் போட்டுப் பார்த்ததால் அன்றைக்கே புரிந்துகொண்டார். பெரிய எண்ணோடு சின்னச் சின்ன எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் கணினி, இலக்கங்களுக்கு இடம் போதாமல், சின்னதைத் தின்றுவிடும் என்பதையும், சின்னதையெல்லாம் முதலில் கூட்டிக்கொண்டால் தின்னாது என்பதையும் அவராகவே கண்டுபிடித்தார். அந்த வாரம் வீட்டில் அவரைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர், "தத்து எடுத்துக்கிட்டியா என்ன?" என்றார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் என் கணினியைத் திறந்து பார்த்தார். 'கடைசி', 'கடைசி2', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்று கோப்புகள் இருந்தன.

"இதுல எது மேடம் கடைசி?"

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு லீவு வந்தா?"

சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. யார், என்றைக்கு, எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்று ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் முறையை எங்களுக்கெல்லாம் அவர்தான் கொண்டுவந்தார். மழையே பெய்யாவிட்டால் மட்டம் மாறக் கூடாது, மதகுக் கதவு மூடியிருந்தால் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று சின்னச் சின்னச் சோதனைகளும் எழுதி வைத்தார். தினமும் காலையில் அவை தாமாக ஓடும். பொறியியல் படித்த எங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தந்ததே இல்லை. வங்கிக்காரர் வந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மாதம் புது நிரல் முழுதாக ஓடியது. முதல் பரீட்சைக்கு நான் காப்பாரில் ஒரு கம்பத்தை எடுத்துக்கொண்டேன். முந்தைய வருடத்துப் பெருமழையில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றிருக்கும் என்று என் பழைய நிரல் ஏற்கெனவே சொல்லியிருந்தது. நாற்பது சென்டிமீட்டர். அவருடைய புது நிரலை ஓட்டினோம். எழுபது என்றது.

"தப்பு," என்றேன்.

"மேடம், ஒரு டவுட்டு..."

"டவுட்டு அப்புறம். இருபது வருஷமா ஓடுற புரோகிராம் லா இது. முதல்ல அதோட மேட்ச் பண்ணுங்க. மூணாவது தசமம் வரைக்கும் ஒத்துப்போகணும்."

இதிலும் எனக்கு ஒரு நியாயம் இருந்தது. பழைய நிரலைப் புது மொழிக்கு மாற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் சரிபார்க்கிறார்கள். பழைய விடை வந்தால் மாற்றியது சரி. வராவிட்டால் புதியதில் எங்கேயோ கோளாறு. நானும் அப்படித்தான் படித்தேன். மறு வாரம் மறுபடி வந்து நின்றார். "மேடம், அந்தக் காப்பார் விஷயமா..." என்று ஆரம்பித்தார். மேட்ச் ஆயிடுச்சா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் போய் அதைப் பாருங்கள் என்றேன். இன்னொரு நாள் நான் போனில் இருந்தபோது வந்து, கையைப் பிசைந்துகொண்டு ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. விடை ஒத்துப்போகவில்லை. மனிதர் மெலிந்துகொண்டே போனார். கீழே சாப்பாட்டுக் கடையில் என்னைக் கண்டால் மேஜையை மாற்றிக்கொண்டார். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. வங்கியில் காலம் தள்ளியவர், தண்ணீரெல்லாம் இவருக்கு வராது, என் நேரத்தைத்தான் வீணாக்கினேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அவர் மின்னஞ்சல் வந்தது. விடை ஒத்துப்போய்விட்டது, மூன்றாவது தசமம் வரை. போய்க் கேட்டேன்.

"எப்படி?"

"ஒரு சின்ன மிஸ்டேக் மேடம். சரி பண்ணிட்டேன்."

ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடிக்க இரண்டு மாதமா! படிவம் வந்தபோது என் மனசில் இருந்தது இதுதான். மெதுவான ஆள். அடிப்படை பிடிபடவில்லை. நல்ல மனிதர், ஆனால் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

வியாழக்கிழமை காப்பாருக்குப் போக வேண்டியிருந்தது. கடல் ஓரத்தில் அந்தக் கம்பத்து வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. பிந்து ஆயர் என்பார்கள். கடல் ஏறும்போது கதவை மூடிவிடுவார்கள், உப்புத் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் மழைத் தண்ணீருக்கும் வெளியே போக வழியில்லாமல் கம்பத்தில் ஏறும். மதகின் மேல் எங்கள் மழைமானி ஒரு பெட்டியில் இருக்கிறது. அதைச் சரிபார்க்கப் போனேன். அவரையும் கூட்டிக்கொண்டேன். கடைசி வாரம், எப்படியும் போகப்போகிற மனிதர், ஒரு தடவையாவது இடத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். மூன்று மாதமாக அந்தக் கம்பத்தின் தண்ணீரைக் கணக்கிட்டவரை அதுவரை ஒரு தடவைகூட நான் அங்கே அழைத்துப் போயிருக்கவில்லை. இதை என்னவென்று சொல்வது?

மழைமானிக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. மழை நிறைந்ததும் கவிழும், மறுபடி நிமிரும். எத்தனை தடவை கவிழ்ந்தது என்பதுதான் மழையின் அளவு. பெட்டியைத் திறந்து அவரிடம் காட்டினேன். விரலால் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். இலைச் சருகைப் பொறுக்கி எடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம்.

மதகுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆன்ட்டி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சட்டையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்ததும் வேலிக்கு வந்துவிட்டார்.

"நீங்கதான் வெள்ளத்துக்கு அளக்கிறவங்களா? வந்து பாருங்க. என் வீட்டுல எவ்ளோ வந்துச்சுன்னு பாருங்க."

உள்ளே போனோம். சமையலறைச் சுவரில் கறை கோடு போட்டிருந்தது. பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்த எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

"ஆன்ட்டி, இது வேற எப்பவோ வந்ததா இருக்கும். போன வருஷத்து மழைக்கு இங்க நாப்பது சென்டிமீட்டர்தான். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டோம்."

ஆன்ட்டி இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டர் அன்னிக்கு எங்க வீட்டுலயா குடியிருந்துச்சு? நான் லா இருந்தேன்! என் பேத்தியோட போட்டோவுல தண்ணி வந்து போச்சு, போன வருஷம் எடுத்த போட்டோ, அந்தா பாரு!"

பார்த்தேன். சட்டத்தின் கீழ் ஓரம் பழுப்பாக இருந்தது. போட்டோவும் கோடும் ஒரே உயரம். நான் கேட்காமலே, என்னோடு வந்தவர் அளவு நாடாவை எடுத்து நீட்டினார். தரையிலிருந்து கோடு வரைக்கும் அளந்தேன். எழுபத்தொன்று.

"அன்னிக்கு என்னா இடி," என்று ஆன்ட்டி சொல்லிக்கொண்டே போனார். "கரண்டு போச்சு. பிந்து ஆயர்ல இருக்கே உங்க பெட்டி, அதுல ஒரு சின்ன லைட்டு எப்பவும் மின்னும். அதுவும் செத்துப்போச்சு. விடிஞ்சு ஆள் வந்துதான் சரி பண்ணாங்க."

நான் திரும்பி வங்கிக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் கொஞ்ச தூரம் வந்தபின் கேட்டேன்.

"நீங்க முதல்ல போட்டப்ப வந்த விடை எவ்வளவு?"

"எழுபது மேடம்."

"எழுபது புள்ளி?"

"எழுபது புள்ளி ஆறு."

யோசிக்காமல் சொன்னார். சுங்கை வே வரும்வரை ரேடியோதான் பேசியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலகம் போனேன். டயர் கடைகூடத் திறக்கவில்லை. அவருடைய நிரலைத் திறந்து, விடை ஒத்துப்போன அந்தத் திங்கட்கிழமை என்ன மாற்றினார் என்று, அவரே ஏற்படுத்திய பதிவில் தேடினேன். ஒரே ஒரு வரிதான். மழையின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள் என்று இருந்தது. பக்கத்தில், நான் அவர் நிரலைத் திறந்து படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில், தமிழில் ஒரு குறிப்பு:

'இது தப்பு. ஆனா மேடம் விடை இதுதான்.'

அட கடவுளே! நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். பிறகு என் பழைய நிரலைத் திறந்தேன். எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. அங்கேயும் அதே வரி இருந்தது. என் கையால் எழுதியது, இருபது வருடத்துக்கு முன்னால். மழைமானி வேலை செய்யாத நேரங்களில் கோப்பில் மைனஸ் தொண்ணூற்றொன்பது என்று பதிவாகும். அளவு இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்த எண் உள்ளே வந்தால் என் நிரல் நின்றுவிடும். மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும், வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். எப்படியாவது ஓடினால் போதும் என்று அந்த வரியை எழுதியிருக்கிறேன். பக்கத்தில் என் குறிப்பும் இருக்கிறது: 'பிறகு சரிசெய்ய வேண்டும்.'

அளவு இல்லை என்பதை மழை இல்லை என்று மாற்றிவிட்டேன். மழைமானி எப்போது சாகும்? இடி விழும்போது, மின்சாரம் போகும்போது. அதாவது மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக எண்ணும். சின்ன மழைக்கெல்லாம் என் நிரல் சரியாகவே சொல்லிவந்தது, அதனால்தான் இத்தனை வருடம் யாரிடமும் மாட்டவில்லை. பெருமழையில் மட்டும் மழைமானி செத்துக் கிடந்த மிக மோசமான நேரத்தைத் துடைத்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறது. அவர் முதலில் எழுதியபோது ஒழுங்காக, பக்கத்து மழைமானியின் அளவை அந்த இடைவெளியில் போட்டிருந்தார். அதனால்தான் எழுபது வந்தது.

எட்டரைக்கு அவர் வந்தார். என் திரையில் தன் வரியைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"மேடம், எடுத்துடறேன்."

"எதை?"

"அந்தக் குறிப்பை."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டாவது வாரமே."

"ஏன் சொல்லல?"

"மூணு தடவ வந்தேன் மேடம்."

வந்தார்தான். அந்த மூன்று தடவையும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்குப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கும். விடையைப் பார்த்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் கணக்கைப் போட்டுக்கொண்டு வருவதில் நான் கெட்டிக்காரி. மூன்று வாரம் அவருக்குக் கட்டத்தாளும் கால்குலேட்டரும் கொடுத்து, தண்ணீர் மைனஸில் போகாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் நானே அந்தப் புத்தகத்தின் பின்பக்கம் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அவர் வேறு என்னதான் செய்வார்? ஊரில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

பாஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று மாடிப்படியில் ஒரு தடவை ஒத்திகை பார்த்தும், தடுமாறித்தான் சொன்னேன். இருபது வருடமாகவா என்று கேட்டார். இருபது வருடமாக என்றேன். பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்து, பெருமழைக் கணக்குகளைத் திரும்பப் போட்டு, வாடிக்கையாளர்களுக்கு என் கையெழுத்தில் கடிதம் எழுத வேண்டும் என்று முடிவானது. பாஸ் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, அப்படியானால் அவரை நிரந்தரமாக்கு, உன்னை ஆறு மாதம் சோதனையில் போடுகிறேன் என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படிவத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். குறைகள் என்ற கட்டத்தில், 'என்னைக் கண்டு பயந்தார்' என்று எழுதி, அது அவர் குறையல்ல என்று தோன்றியதால் அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கொடுத்தேன்.

கடிதங்கள் எழுதி முடிக்க மூன்று மாதமானது. அவமானமாகத்தான் இருந்தது. சில இடங்களில் கரையை இன்னும் உயர்த்திக் கட்ட வேண்டும் என்று எழுத வேண்டிவந்தது. ஒவ்வொரு கணக்கையும் வங்கிக்காரர்தான் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் கட்டத்தாள் உண்டு, காப்பார் மதகுக்குப் போவதும் முதல் வாரமே உண்டு. அதோடு என் பழைய நிரலையும் அந்த வரியோடு அப்படியே கொடுக்கிறோம். தப்பு இருக்கிறது என்று சொல்வதில்லை. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, என் மேஜைக்கு வந்து, "இது தப்பு," என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன தடவை ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டு நாலு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இவர்தான் அவளைப் பிடித்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு என்னை அழைத்தார்கள். குழந்தை வரும்போதே ரயிலைப் பார்த்த சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி என் இலையில் தானே அப்பளம் எடுத்து வைத்தாள். ரொம்ப நேரம் எதையோ சொல்ல வந்து வந்து நிறுத்தினாள். பிறகு சட்டென்று சொன்னாள்.

"அக்கா, அது அவர் தப்பில்ல. நான்தான் சொன்னேன். தினம் போன்ல அழுவாரு, இது சரியில்ல, எப்படி மனசறிஞ்சு எழுதறதுன்னு. நான்தான், அந்தக்காவுக்கு என்ன நம்பர் வேணுமோ அதையே குடுத்துடுங்க, எங்கள கூப்பிட்டுக்கிற வழியப் பாருங்கன்னு சொன்னேன். பிள்ள அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கு வேற தெரியல."

இந்தப் பெண் என்னை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் எப்படிப்பட்ட ஆள் என்று சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்லம்மா," என்றேன். "உன்ன அப்படிச் சொல்ல வச்சதே நான்தான்."

அவர் தலையைக் குனிந்து ரசத்தைக் கலந்துகொண்டிருந்தார். கலக்கிக்கொண்டே இருந்தார். மனைவி அவரை முழங்கையால் இடித்தாள்.

"சொல்லுங்களேன். காலையில என்கிட்ட சொன்னீங்கல்ல?"

"ஒண்ணுமில்ல மேடம். திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

"என்ன?"

"இல்ல... நேத்து நீங்க அனுப்பிச்சீங்களே, சுங்கை பூலோ கணக்கு. அதுல நீங்க எடுத்திருக்கிற இடைவெளி..."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது நான் இரண்டு தடவை சரிபார்த்தது, அதில் தப்பிருக்க வாய்ப்பே இல்லை. பல்லைக் கடித்தேன். தாயும் மகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவே சொல்லுங்க," என்றேன்.

அவர் இலையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, விரலால் மேஜை மேல் கோடு போட்டுக் காட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார். பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.